உப்புக் காற்றும் மின்சாரச் செலவும்

திருகோணமலை நகரிலிருந்து வடக்கே நிலாவெளிக்குச் செல்லும் வழியில் உப்புவெளி என்றோர் ஊர் உண்டு. பெயரே அவ்வூரின் இயல்பைச் சொல்லிவிடுகின்றது. உப்புவெளியிலும், உட்துறைமுகத்தைச் சூழ்ந்துள்ள நகர்ப் பகுதியிலும், சீனக்குடாவிலும் வாழ்வோர்க்குத் துரு என்பது அன்றாடப் பகைவன். புதிதாக வாங்கிய மிதிவண்டி சில மாதங்களிற் செம்மை பூக்கும். யன்னற் கம்பி செதில் செதிலாக உதிரும். கதவுக் கீல் திறக்குந்தோறும் முனகும். இவற்றையெல்லாம் கண்ணாற் கண்டு வண்ணம் பூசுகின்றோம், எண்ணெய் இடுகின்றோம். ஆனால் அதே உப்பு, நம் கட்டடங்களின் வெளிச்சுவரிலும் கூரையிலும் கிணற்றடியிலும் இருந்து உழைக்கும் இயந்திரங்களினுள்ளே புகுந்து, மாதந்தோறும் வரும் மின்கட்டணத்தில் தன் பங்கைப் பெற்றுச் செல்கின்றது. இதனைப் பலர் அறியார். இயந்திரங்களைப் பேணுதல் எவ்வாறு மின்சாரத்தை மிச்சப்படுத்தும் என்பதை நேயர்களுக்கு எடுத்துக் கூறுவதே இப்பேச்சின் நோக்கமாகும்.

2022ஆம் ஆண்டு மார்ச் 31ஆந் திகதியளவில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நடைபெற்றதை எவரும் மறந்திரார். அவ்வாண்டு ஆகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதம் உயர்ந்தது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம் உயர்ந்தது. அதன் பின்னர்ச் சில தடவைகள் குறைக்கப்பட்டதாயினும், அக்காலம் நமக்கு ஒரு பழக்கத்தைக் கற்பித்துவிட்டது. அறையை விட்டு நீங்கும்போது விளக்கை அணைக்கின்றோம், விசிறியை நிறுத்துகின்றோம். நல்ல பழக்கமே. ஆயினும் அது பாதி வேலையே. நிறுத்த இயலாத இயந்திரங்கள் பல உள. வைத்தியசாலையில் மருந்து வைக்கும் குளிர்சாதனப் பெட்டியை அணைக்க முடியுமா? விடுதியின் நீர்த்தொட்டியை நிரப்பாமல் விட முடியுமா? மீனைப் பனிக்கட்டியில் இட்டுக் காக்கும் ஊரில் பனிக்கட்டிச் சாலையை நிறுத்தத்தான் முடியுமா? அவை ஓடியே தீரவேண்டும். எனவே, ஓடும்பொழுது அவை எவ்வளவு மின்சாரத்தை உண்ணுகின்றன என்பதே கேள்வி.

இங்கே இயந்திரத்துக்கும் உயிருள்ளவற்றுக்கும் ஒரு வேற்றுமை உண்டு. நோயுற்ற மாடு ஏரில் நடவாது, படுத்துவிடும், உழவன் உடனே அறிவான். நோயுற்ற மோட்டாரோ படுப்பதில்லை. ஒரு மணி நேரத்தில் முடிக்கவேண்டிய வேலையை ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டேனும் முடித்துவிடும். தொட்டி நிறைகின்றது, அறை குளிர்கின்றது. ஆதலின் குறை யாதும் இல்லை என்று நாமும் இருந்துவிடுகின்றோம். அந்த மேலதிக அரைமணி நேரத்தை மின்மானி மட்டுமே எண்ணிக்கொண்டிருக்கின்றது.

குளிரூட்டியை எடுத்துக்கொள்வோம். வங்கிகளிலும் விடுதிகளிலும் பரிசோதனைக்கூடங்களிலும் இன்று பாடசாலைக் கணினி அறைகளிலுங்கூட இது புகுந்துவிட்டது. நான் கலைப் பட்டதாரி, பொறியியல் கற்றவனல்லன். ஆயினும் இதன் தத்துவம் அரிதன்று. குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. அறையினுள்ளே உள்ள வெப்பத்தை அள்ளி வெளியே கொண்டுபோய்க் கொட்டுகின்றது. உள்ளேயுள்ள குழாய்ச்சுருள் வெப்பத்தை வாங்கும். வெளியேயுள்ள குழாய்ச்சுருள் அதனைக் காற்றிற் கலக்கும். இரண்டுக்கும் இடையே ஒரு வாயுவை அழுத்தி அனுப்புவது கொம்பிறசர் எனும் அமுக்கி. மின்சாரத்தின் பெரும்பகுதியை உண்பது இவ்வமுக்கியே.

வெளிப்பெட்டியைச் சற்றே உற்று நோக்கினால், செம்புக் குழாய்களின் மேல் மெல்லிய அலுமினியத் தகடுகள் நூற்றுக்கணக்காக நெருக்கமாக அடுக்கப்பட்டிருத்தலைக் காணலாம். அத்தகடுகளின் இடுக்குகளினூடாகக் காற்றுப் புகுந்து வெப்பத்தை வாரிச் செல்லவேண்டும். வாடைக் காற்றுக் காலத்தில், கடலிலிருந்து வரும் நுண்ணிய நீர்த்திவலைகள் உப்பைச் சுமந்து வந்து அவ்விடுக்குகளிற் படிகின்றன. உப்போ ஈரத்தை இழுக்கும் இயல்புடையது. ஈரத்தில் தூசி ஒட்டும். தூசியில் பின்னரும் உப்பு ஏறும். சில மாதங்களில் தகடுகளின் மேல் ஒரு கம்பளம் விரித்தாற்போல் ஆகிவிடும். வெப்பம் வெளியேற வழியின்றி நிற்க, அமுக்கி முன்னிலும் அதிகமாக அழுத்தி முயலவேண்டியதாகின்றது. வெளிச்சுருளில் வாயு குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலை ஒரு பாகை செல்சியசு உயர்ந்தால், மின்செலவு நூற்றுக்கு 2 முதல் 3 வரை கூடும் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. அழுக்கேறிய சுருளில் ஐந்தாறு பாகை உயர்வது புதுமையன்று. பத்தில் ஒரு பங்கு, சிலவேளை அதற்கும் மேல், வீணே போகின்றது. கழுவுவதற்கு வேண்டியதோ ஒரு வாளி நன்னீரும் மென்மையான தூரிகையுமே.

அழுக்கைக் கழுவலாம், அரிப்பைக் கழுவ இயலாது. செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்பு நீரில் நனையுமாயின், இரண்டுக்குமிடையே ஒரு சிறு மின்கலம் உண்டாகி, அலுமினியம் மெல்ல மெல்லக் கரைந்து வெண்பொடியாக உதிரும். தகடு உதிர்ந்தால் வெப்பம் செல்லும் பாதை அற்றுப்போகும்.

இவ்வுண்மையை முதலில் விலைகொடுத்து அறிந்தோர் கடற்படையினர். 1761ஆம் ஆண்டில் பிரித்தானியக் கடற்படை, மரக்கலங்களின் அடிப்பாகத்தைப் புழுவும் பாசியும் சிப்பியும் பற்றாதிருக்கும்பொருட்டு, அலார்ம் என்ற போர்க்கப்பலுக்குச் செப்புத் தகடு போர்த்திப் பார்த்தது. கப்பல் மேற்கிந்தியக் கடல்களில் உழன்று மீண்டபோது செம்பு துப்புரவாக இருந்தது; பாசியும் இல்லை. ஆனால் செம்பைத் தொட்டுக்கொண்டிருந்த இரும்பு ஆணிகள் அரித்துப் பாழாகியிருந்தன. சில ஆணிகள் மட்டும் பிழைத்திருந்தன. ஏனென்று பார்த்தால், தகட்டைச் சுற்றிவந்த பழுப்புக் கடதாசி அவ்வாணிகளுக்கும் செம்புக்கும் இடையில் அகப்பட்டுக்கொண்டிருந்தது! ஒரு கடதாசித் துண்டின் தடிப்பே இரும்பைக் காத்தது. இன்று கடற்கரைக்கென விற்கப்படும் குளிரூட்டிகளின் தகடுகளில் நீல நிறத்திலோ பொன்னிறத்திலோ ஒரு பூச்சுக் காணப்படுமே, அஃது அப்பழுப்புக் கடதாசியின் வழித்தோன்றலே. கடலோரத்தில் வாங்குவோர் அப்பூச்சு உண்டா என்று கேட்டு வாங்குதல் நன்று. தகடுகளை அதிவேக நீர்ப்பீச்சியால் அடித்துக் கழுவுதல் கூடாது. தகடும் வளையும், பூச்சும் பெயரும்.

துறைமுகத்தில் வாழ்வோர்க்கு இன்னொரு சான்றும் கண்முன்னே உண்டு. நம் மீனவர் வள்ளங்களைக் கரையேற்றி அடிப்பாகத்தைச் சுரண்டுவது அழகுக்காகவா? பாசியும் சிப்பியும் பற்றிய வள்ளத்தை இழுக்க எஞ்சினுக்கு எண்ணெய் கூடுதலாக வேண்டும் என்பதை எந்தப் பாடநூலும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. எண்ணெய்க்குத் தம் கையிலிருந்து பணம் கொடுப்போர் அவர்கள், அதனால் அறிந்தார்கள். இந்த ஒரு குறிப்பை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்க. பின்னர் இதற்கு மீளுவோம்.

வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிக்கும் இதே நீதிதான். பின்புறச் சுருளில் தூசி படியக் கூடாது. சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. கதவின் றப்பர் விளிம்பைச் சோதிக்க எளிய வழியொன்று உண்டு. ஒரு கடதாசித் துண்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையின்றி வழுக்கி வந்தால், அவ்விடத்தால் இரவும் பகலும் குளிர் கசிகின்றது என்பது பொருள்.

நீர்ப்பம்பி நம் மாவட்டத்தில் பலரிடமும் உள்ள இயந்திரம். கிணறும் பம்பியும் கூரைத் தொட்டியும் உள்ள வீடுகள் பல. ஒரு குதிரைவலுப் பம்பி ஏறத்தாழ ஒரு கிலோவாற்று மின்சாரம் இழுக்கும் எனக் கொள்வோம். கிணற்றினுள் குழாயின் அடியில் இருக்கும் வால்வு, மணற்பருக்கையோ பாசியோ சிக்கிச் சரியாக மூடாதிருந்தால், பம்பியை நிறுத்தியவுடன் குழாயில் நின்ற நீர் மீண்டும் கிணற்றுக்குள் இறங்கிவிடும். அடுத்த நாள் பம்பி வெறும் காற்றை உறிஞ்சிக் கத்தும். குழாய்ப் பொருத்தில் மயிரிழை வெடிப்பு இருப்பினும் காற்றும் நீருமாகக் கலந்து வரும். உள்ளே சுழலும் சக்கரம் மணலால் தேய்ந்திருந்தாலும் நீர் குறையும். மேலே, தொட்டியின் மிதவை வால்வு பழுதாயின் நிறைந்த நீர் கூரையால் வழிந்தோடும். இவற்றுள் ஏதோவொன்றினால் பம்பி நாள்தோறும் ஒரு மணி நேரம் மேலதிகமாக ஓடினால், மாதத்துக்கு 30 அலகு வீண். அண்மைய ஆண்டுகளின் கட்டண அட்டவணையில் வீட்டுப் பாவனையாளர்க்கு 60 அலகு என்பது ஓர் எல்லைக்கல். அதனைத் தாண்டினால் அலகின் விலையும் மாதாந்த நிலைக்கட்டணமும் ஒருங்கே ஏறுகின்றன. 60 அலகில் நிற்கவேண்டிய சிறு குடும்பத்தை 90க்குத் தள்ளிவிடுவது, கிணற்றடியிற் கண்ணுக்குத் தெரியாமற் கிடக்கும் ஒரு வால்வாக இருக்கக்கூடும். செல்வருக்கு இது சிறு கணக்கு. நாட்கூலியில் வாழும் வீட்டுக்குச் சிறிதன்று.

கூரை விசிறியும் அவ்வாறே. சாதாரண விசிறி முழு வேகத்தில் 75 உவாற்று அளவில் எடுக்கும். முப்பது விசிறியுள்ள பாடசாலையொன்றில் நாளுக்கு ஆறு மணி நேரமாக மாதத்தில் 20 நாள் ஓடினால் 270 அலகு. விசிறியின் உள்ளேயிருக்கும் கொள்ளளவி, மின்வினைஞர் கண்டென்சர் என்று சொல்வது, காலப்போக்கில் நலியும். இறகின் முன்விளிம்பில் மாவுபோற் தூசி தடிக்கும். சுழலும் தண்டைத் தாங்கும் பெயாரிங் உலரும். காற்றுப் பாதியாகக் குறைந்துவிடும்; மின்சாரமோ அந்த அளவுக்குக் குறைவதில்லை. வியர்வையில் நனைந்த பிள்ளைகள் இன்னொரு விசிறி கேட்பார்கள். நாமும் வாங்கி மாட்டுவோம். சில நூறு ரூபாய்க் கண்டென்சர் ஒன்றை மாற்றினால் தீரும் இடத்தில் புதிய விசிறியும் அதன் மின்செலவும் வந்து சேர்கின்றன. விளக்குகளைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. தூசி துடைத்த குழல்விளக்கொன்று, துடையாததைவிடக் கூடுதல் ஒளி தருவதை அவரவர் வீட்டிலேயே காணலாம்.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலைகளில் மோட்டாரிலிருந்து இயந்திரத்துக்கு வலுவைக் கொண்டுசெல்லும் வார்ப்பட்டி தளர்ந்திருந்தால், அது வழுக்குமிடத்தில் மின்சாரம் வெப்பமாகி ஒழியும். பட்டியை நிறுத்தியபின் தொட்டுப் பார்த்துச் சூடறிவது பழைய ஆலைக்காரரின் வழக்கம். எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி மாற்றிச் சுற்றும்போது மலிவைப் பார்த்துக் கைதேராதவரிடம் கொடுப்பதும் நட்டமே. குறைந்த விலையில் உயிர்பெறும் அம்மோட்டார், எஞ்சிய ஆயுள் முழுவதும் சிறிது சிறிதாக அவ்விலையைத் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

இவ்வளவு எளிதாயின் ஏன் செய்யப்படுவதில்லை? மீனவர் வள்ளத்தைச் சுரண்டுவதைச் சொன்னேனல்லவா? அவ்விடத்தில் எஞ்சினை ஓட்டுபவனும் எண்ணெய்க்குப் பணம் கொடுப்பவனும் ஒருவனே. அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் அப்படியன்று. விசிறியின் கீழ் இருப்பவர் ஒருவர். கட்டணப் பட்டியலைக் காண்பவர் இன்னொருவர். திருத்தத்துக்குப் பணம் ஒதுக்குபவர் வேறொருவர். மின்கட்டணம் எப்படியும் செலுத்தப்படும், ஏனெனில் செலுத்தாவிடின் இணைப்புத் துண்டிக்கப்படும். பராமரிப்புக்குரிய பணமோ, சிக்கனம் என்ற பெயரில் முதலில் வெட்டுண்பது. தூரிகைக்கும் எண்ணெய்க்கும் பணமில்லை. அத்தூரிகை இல்லாமையாற் கூடிய கட்டணத்துக்கு மட்டும் பணம் உண்டு. இதனைச் சிக்கனம் என்று சொல்ல என் நா எழவில்லை. அப்பணம் ஒரு நூலகத்துக்குப் புத்தகமாகவோ ஆய்வுகூடத்துக்கு உபகரணமாகவோ ஆகியிருக்கக்கூடியது.

பேணுதலும் பேணாமையும் செய்யும் வேற்றுமையைப் பெரிய அளவிற் காணவேண்டின், திருகோணமலையார் நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. சீனக்குடாவில் பிரித்தானியர் தம் கடற்படைக்கென அமைத்த எண்ணெய்த் தாங்கிகள் 99 உள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்வது. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி சப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைக் குண்டுவீசித் தாக்கியபோதும் அவற்றுட் பெரும்பாலானவை பிழைத்தன. பின்வந்த காலத்தில் கீழ்ப்பகுதித் தாங்கிகள் பயன்பாட்டில் இருந்தமையாற் பேணப்பட்டன. மேற்பகுதித் தாங்கிகளோ பல பத்தாண்டுகளாகப் பயன்பாடின்றிக் காட்டினுள்ளே கிடந்தன. 2022 சனவரியில் 14 தாங்கிகள் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் இலங்கைக் கிளைக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரு சாராரின் கூட்டு நிறுவனத்துக்குமாகப் பங்கிடப்பட்டன. அப்பங்கீடு பற்றிய வாதங்கள் நமக்கு இங்கு வேண்டா. நான் சுட்ட விரும்புவது ஒன்றே: அங்கே இரும்பும் ஒன்று, காற்றும் ஒன்று, வயதும் ஏறத்தாழ ஒன்று. ஒரு பகுதி உழைத்தது, மறுபகுதி புதருள் மறைந்தது.

பிறநாடுகளில் இதனை அளந்து பார்த்திருக்கின்றார்கள். அமெரிக்காவின் லாரன்சு பேர்க்கிலி ஆய்வுகூடத்தார் 643 கட்டடங்களை ஆராய்ந்து 2009இல் ஓர் அறிக்கை வெளியிட்டனர். ஏற்கெனவே இயங்கிவரும் கட்டடங்களில், உள்ள இயந்திரங்களையே முறைப்படி சோதித்துக் குறைகளைச் சீர்செய்ததனால் கிடைத்த சக்திச் சேமிப்பின் இடைநிலை அளவு நூற்றுக்கு 16. அதற்கான செலவு ஓராண்டும் சிறிது காலமும் கழிவதற்குள் மீண்டுவிட்டது. குளிர்நாட்டுக் கட்டடங்களும் அவற்றுள் உண்டு. ஆதலின் அதே எண்ணை நமக்கு அப்படியே பொருத்துதல் தகாது. ஆனால் உப்பும் வெக்கையும் உள்ள நம் ஊரில் சீர்செய்யவேண்டிய குறை அங்குள்ளதைவிடக் குறைவாயிருக்கும் என்று நான் நம்பவில்லை.

நம் நாட்டிலும் 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தினால் நிலைபெறுதகு சக்திக்கென ஓர் அதிகாரசபை நிறுவப்பட்டது. பெருமளவு மின்சாரம் பாவிக்கும் நிறுவனங்கள் சக்தி முகாமையாளர் ஒருவரை நியமிக்கவேண்டும் என்ற ஏற்பாடும் அதன்வழி வந்தது. சிறிய பாடசாலைக்கும் சிற்றலுவலகத்துக்கும் அத்தகையோர் இல்லை. ஆனால் ஒரு கொப்பியும் பென்சிலும் உண்டல்லவா? வெள்ளிக்கிழமை மாலை கட்டடத்தைப் பூட்டும்போது மின்மானியின் எண்ணைக் குறியுங்கள். திங்கட்கிழமை காலை திறக்கும்போது மீண்டும் குறியுங்கள். ஆளில்லாத இரண்டு நாளும் கட்டடம் எவ்வளவு உண்டது என்பது தெரிந்துவிடும். எங்கள் பாடசாலையில் இவ்வழக்கத்தைத் தொடங்கியபின், உயர்தர வகுப்பு மாணவர் அந்த எண்ணைத் துப்பறிவார்போலத் துருவத் தொடங்கினர். தாழ்வாரத்து நீர்க்குளிராக்கி ஒருவரும் குடிக்காத நீரை இரண்டு நாள் முழுவதும் குளிர்வித்துக்கொண்டிருந்ததை அவர்களே கண்டுபிடித்தனர். அதே கொப்பியில் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, கழுவிய நாள், எண்ணெயிட்ட நாள், திருத்தியவர் பெயர், பம்பி தொட்டியை நிரப்ப எடுத்த நிமிடங்கள் ஆகியவற்றை எழுதி வைக்கலாம். சென்ற ஆண்டு 40 நிமிடத்தில் நிறைந்த தொட்டி இவ்வாண்டு 55 நிமிடம் எடுக்குமாயின் கிணற்றடிக்குச் செல்லவேண்டிய நேரம் வந்துவிட்டது என்றறிக.

பேணுதலால் ஆகாததும் உண்டு. இருபது ஆண்டு உழைத்த குளிர்சாதனப் பெட்டியை எவ்வளவு துடைத்தாலும் அது புதியதன் சிக்கனத்தை எட்டாது. அதனை மாற்றுவதே முறை. குளிரூட்டியின் வாயு குறைந்தால், கசிவு எங்கே என்று காணாமல் வாயுவை மட்டும் நிரப்பிச் செல்வோரை நம்பற்க. அது மறுபடியும் கசியும். வாயுவையும் மின்கம்பியையும் தொடும் வேலை பயின்றவர்க்கே உரியது. மற்றையோர் தூசி துடைக்கும்போதும் பிரதான ஆளியை நிறுத்திவிட்டே ஏணியில் ஏறவேண்டும். மாணவரை ஏற்றுதல் கூடவே கூடாது.

காலம் எது என்று கேட்போர்க்கு, நம் கடலோரத்தில் காற்றே நாட்காட்டி. வாடை ஓய்ந்து கடல் அமைதியுறும் மாசி, பங்குனியில், உப்பேறிய வெளிச்சுருள்களையும் பம்பிப் பொருத்துகளையும் நன்னீரால் கழுவி உலர்த்துக. கோடை வெக்கை தொடங்குமுன் அவை ஆயத்தமாகிவிடும். பின்னர் மேற்கிலிருந்து கச்சான் அனலோடு தூசியையும் அள்ளி வரும். அது தணியும் ஆவணி, புரட்டாதியில் விசிறி இறகுகளையும் குளிரூட்டியின் உள்வடிகளையும் துடைத்து, பெயாரிங்குகளைச் சோதித்து, வெளிப்பெட்டியின் திருகாணிகளுக்குச் சிறிது கிறீஸ் பூசிவிடுக. அடுத்த வாடை ஐப்பசியில் வந்து சேரும்.